மனநல வார்டில் முதலில் படிக்கப்படுவது சிஸ்டரின் முகம்

மூடிய மனநல வார்டில் ஒரு வாரம் இருந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள், இன்றைக்கு எந்த சிஸ்டர் டூட்டி என்பதை எட்டிப் பார்க்காமலே சொல்லிவிடுவார். சாவிக்கொத்தின் சத்தம் போதும். ஒருவர் வந்தால் பூட்டு திறக்கிற சத்தம் மட்டும் கேட்கும், இன்னொருவர் வந்தால் இடுப்பில் தொங்கும் கொத்து வராந்தா முழுக்கக் கலகலத்துக்கொண்டே வரும், மூன்றாமவர் செருப்பைத் தேய்த்து நடப்பார். மனநல நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது தெரியாது. நாங்கள்தான் நோயாளிகளைக் கவனிக்கிறோம், கேஸ் ஷீட்டில் எழுதுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் எங்களைவிட அதிக நேரம், அதிக அக்கறையோடு அவர்கள்தான் எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போன் பேச யார் விடுவார், யாரிடம் இன்னொரு டீ கேட்கலாம், யாரிடம் கேட்டால் திட்டு விழும் என்று அன்றாட வாழ்க்கை முழுவதும் இன்னொருவர் கையில் இருக்கும்போது, அந்த இன்னொருவரின் முகத்தைப் படிக்காமல் ஒரு நாளைக் கூட ஓட்ட முடியாது.

வாயால் பேசாமல் பேசுவது என்றால் என்னென்ன? முகம், பார்வை, கை, நிற்கும் தூரம், உட்காரும் விதம், குரலின் ஏற்ற இறக்கம், பதில் சொல்வதற்கு முன் விடுகிற இடைவெளி, தொடுவது, தொடாமல் இருப்பது, போட்டிருக்கும் உடை. இதை எல்லா நோயாளியிடமும் எல்லா நர்ஸும் செய்கிறார்கள், எலும்பு முறிவு வார்டிலும் செய்கிறார்கள். ஆனால் அங்கே எக்ஸ்ரே இருக்கிறது. மனநல வார்டில் பெரும்பாலும் பேச்சும் நடத்தையும்தான் பரிசோதனை, நர்ஸின் பேச்சும் நடத்தையும்தான் சிகிச்சையில் பாதி.

இந்த இடத்தில் ஒரு தவறான கணக்கைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நர்ஸிங் வகுப்புகளிலும் பயிற்சி ஸ்லைடுகளிலும் அது விடாமல் வருகிறது. நாம் சொல்வதில் 7 சதவீதம்தான் சொல், 38 சதவீதம் குரல், 55 சதவீதம் முகம் என்கிற கணக்கு. ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967-ல் வேறு இருவரோடு தனித்தனியே செய்த இரண்டு சிறிய ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் பதிவு செய்து போட்டார்கள், ஓர் ஆய்வில் 'இருக்கலாம்' என்று பொருள்படும் ஒரே ஆங்கிலச் சொல்லைப் பல தொனியில் சொல்லவைத்து முகப் படங்களோடு சேர்த்துக் காட்டி, பேசுபவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்டார்கள். அவ்வளவுதான். ஒரு சிஸ்டர் மாத்திரையின் பக்க விளைவை விளக்கும்போது அதில் சொல்லின் பங்கு 7 சதவீதம் என்று அந்த ஆய்வு எங்கேயும் சொல்லவில்லை, மெஹ்ராபியனே பிற்பாடு அப்படி நீட்டக் கூடாது என்று தெளிவுபடுத்தினார். அதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது ஒன்றுதான்: சொல் ஒன்றும் முகம் ஒன்றுமாக இருந்தால், ஒருவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா என்பதை நாம் முகத்தை வைத்தே முடிவு செய்கிறோம். மனநல வார்டுக்கு இதுவே போதும். 'பயப்படாதீங்க' என்று வாய் சொல்லும்போது கால் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தால் அந்த நோயாளி எதை நம்புவார்?

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. நோயே முகத்தைப் படிக்கிற விதத்தை மாற்றிவிடுகிறது. கடும் மனச்சோர்வில் இருப்பவர் எந்த உணர்ச்சியும் காட்டாத முகத்தைச் சோகம் என்றோ தன்மேல் வெறுப்பு என்றோ எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ள பலருக்கு மற்றவர் முகத்தில் இருக்கும் உணர்ச்சியை இனம் காண்பதே கடினம், சாதாரண முகம்கூட மிரட்டலாகத் தெரியலாம். வேலை நேரத்தில் உணர்ச்சியைக் காட்டாமல் சமநிலையாக முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தச் சமநிலை முகம் பார்ப்பவருக்குச் சமநிலையாகத் தெரியவில்லை என்பதை வார்டில்தான் கற்றேன். நர்ஸிங் ஸ்டேஷனில் இரண்டு பேர் தலையைச் சேர்த்து வைத்து ஏதோ பேசிச் சிரித்துவிட்டு, தற்செயலாக வார்டுப் பக்கம் ஒரு பார்வை பார்க்கிறார்கள். பேசியது மகளின் பள்ளி ஆண்டு விழாவைப் பற்றி. தன்னைக் கொல்லத் திட்டம் போடுகிறார்கள் என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த ஒரு பார்வை எத்தனை நாள் சிகிச்சையைத் தின்னும் என்று யோசியுங்கள். சிரிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. சிரித்த பிறகு எழுந்து போய், 'என் பொண்ணு டான்ஸ் ஆடினதைச் சொல்லிட்டிருந்தேன்' என்று அவரிடமும் சொல்லிவிட்டு வரலாம். எங்கள் பழைய சிஸ்டர் ஒருவர் இதை வழக்கமாகவே வைத்திருந்தார்.

சரி, நாங்கள் நோயாளிகளைப் படிக்கிற கதைக்கு வருகிறேன். இதில்தான் நான் பெரிய தவறு செய்தேன்.

முப்பது வயதிருக்கும் ஒருவர், ஹாலோபெரிடால் என்ற மனச்சிதைவு மருந்து தொடங்கி நான்கைந்து நாள் ஆகியிருந்தது. இரவெல்லாம் வராந்தாவில் நடப்பார், படுக்கச் சொன்னால் போய்ப் படுப்பார், உடனே எழுந்துவிடுவார். நான் வாசலில் நின்றபடியே 'போய்ப் படுங்க, எத்தனை தடவை சொல்றது' என்று சொல்லிவிட்டு, ஷீட்டில் 'அமைதியில்லை, சொல் பேச்சு கேட்கவில்லை' என்று எழுதினேன். மறுநாளும் அதையே எழுதினேன். நான் எழுதியதைப் படித்த டாக்டர் நோய் கூடுகிறது என்று நினைத்து அதே மருந்தின் அளவைக் கூட்டினார். அன்று இரவு அவர் நிலைமை இன்னும் மோசம். மூன்றாம் நாள் டூட்டிக்கு வந்த மூத்த சிஸ்டர் அவரிடம் எதுவும் சொல்லாமல் அவரோடு சேர்ந்து வராந்தாவில் இரண்டு நடை நடந்தார், பிறகு உட்காரச் சொல்லி எதிரே உட்கார்ந்து அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் கேட்டார்: 'தம்பி, உங்களுக்கு நடக்கணும்னு ஆசையா, இல்ல நடக்காம இருக்க முடியலையா?' அந்த மனிதர் அழுதுவிட்டார். அத்தனை நாளில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

அது அகதிசியா. கிரேக்கத்தில் 'உட்கார முடியாமை' என்று பொருள். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் மருந்துகள் சிலருக்கு உள்ளுக்குள் ஒரு தாங்க முடியாத தவிப்பைக் கிளப்பிவிடும், காலை அசைத்துக்கொண்டே இருந்தால்தான் கொஞ்சமாவது ஆறும். வெளியே பார்ப்பவருக்கு அது முரண்டு, கோபம், நோயின் வேகம் என்று தெரியும். இதை அளக்க தாமஸ் பார்ன்ஸ் 1989-ல் வெளியிட்ட அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது, அதில் செய்ய வேண்டியது என்னவென்றால் உட்கார்ந்திருக்கும்போது குறைந்தது 2 நிமிடம், நிற்கும்போது குறைந்தது 2 நிமிடம் சாதாரணமாகப் பேசிக்கொண்டே கவனிப்பது, பிறகு அவருக்கு உள்ளே எப்படி இருக்கிறது என்று நேராகக் கேட்பது. கருவி எதுவும் வேண்டாம், நான்கு நிமிடமும் ஒரு கேள்வியும் போதும். அந்த மனிதருக்கு மருந்தின் அளவைக் குறைத்து, இந்தத் தவிப்பைத் தணிக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரையைச் சேர்த்தார்கள். இரண்டு நாளில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

மருந்து உடலின் பேச்சை மாற்றுவது இதோடு நிற்பதில்லை. ஊசி போட்ட சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ சிலருக்குக் கழுத்து ஒருபக்கம் திருகிக்கொள்ளும், கண் மேலே செருகிக்கொள்ளும், நாக்கு வெளியே தள்ளும். நம் ஊரில் இதைப் பார்த்த வீட்டார் 'ஏதோ இறங்கியிருக்கு' என்று பயந்து மருந்தையே நிறுத்திவிட்டுக் கோவிலுக்குக் கூட்டிப்போவது நடக்கிறது. இது மருந்தால் வரும் தசை இறுக்கம், ஃபெனெர்கன் போன்ற ஒரு ஊசியில் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். இன்னொரு பக்கம், மருந்து மெதுவாக முகத்தை உறையவைக்கும்: கண் சிமிட்டல் குறையும், நடக்கும்போது கை வீச்சு இருக்காது, சிரிப்பு வராது. மகன் இறந்த செய்தியை ஒரு தாய் இந்த முகத்தோடு கேட்டுக்கொண்டால் 'கல்லு மாதிரி இருக்கா பாரு' என்று சொந்தக்காரர்களே சொல்லிவிடுவார்கள்.

மருந்து இல்லாமலேகூட மனச்சிதைவில் முகம் வெறுமையாகிவிடுவது உண்டு. அப்படி வெறுமையான முகத்துக்குப் பின்னால் உணர்ச்சியும் வெறுமைதான் என்று நெடுங்காலம் நினைத்தார்கள். ஆன் க்ரிங் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1993-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனச்சிதைவு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் உணர்ச்சிகரமான படத்துண்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். மனச்சிதைவு உள்ளவர்களின் முகத்தில் அசைவு குறைவாகவே இருந்தது, ஆனால் உள்ளே என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டபோது மற்றவர்களுக்குக் குறையாமல் உணர்ந்ததாகச் சொன்னார்கள். மனநல வார்டில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டிய ஆய்வு என்று ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். முகம் பதில் தரவில்லை என்பதால் நாம் பேச்சைக் குறைத்துக்கொள்கிறோம், சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம், அவர் முன்னாலேயே அவரைப் பற்றி மற்றவரிடம் பேசுகிறோம். அவர் அவ்வளவையும் உணர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இந்த நகர்ந்துபோதலை எழுத்தில் பிடித்தவர் ஒரு நர்ஸ். க்வென் டியூடர் என்று பெயர், அமெரிக்காவின் மேரிலாந்தில் செஸ்ட்நட் லாட்ஜ் என்ற மனநல மருத்துவமனையில் வேலை செய்தவர். வார்டில் ஒதுங்கியே இருக்கும் ஒரு பெண் நோயாளி. அவளுக்குத் தனியாக இருப்பதுதான் பிடிக்கும் என்று ஊழியர்கள் அவளை விட்டுவிட்டார்கள். டியூடர் கவனித்துப் பார்த்தபோது ஒதுங்குவது ஒரு பக்கம் மட்டும் நடக்கவில்லை என்று தெரிந்தது: அவள் விலக ஊழியர்கள் விலகினார்கள், ஊழியர்கள் விலக அவள் இன்னும் விலகினாள். அவர் அந்த நோயாளியோடு நேரம் செலவழித்ததோடு நிற்காமல், விலகிப்போன ஊழியர்களோடும் உட்கார்ந்து அதைச் சரிசெய்யப் பார்த்தார். அதைப் பற்றிய அவருடைய கட்டுரை 1952-ல் வெளிவந்தது. அதே 1952-ல் ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்க நர்ஸ், நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே நர்ஸிங்கின் மையம் என்கிற தன் புத்தகத்தை வெளியிட்டார். அதே ஆண்டுதான் பாரிஸில் டிலே, டெனிக்கர் என்ற மருத்துவர்கள் மனநோயாளிகளுக்குக் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டதும். மருந்து உலகம் முழுக்கப் பரவியது, அதனால் எத்தனையோ பேர் வீட்டுக்குத் திரும்பினார்கள், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அருகில் உட்கார்வதும் ஒரு சிகிச்சை என்று டியூடர் காட்டியது அதே வேகத்தில் பரவவில்லை. முகத்தை உறையவைக்கும் மருந்து வந்த பிறகு அது முன்னைவிட அதிகமாகத் தேவைப்பட்டது என்பதுதான் வருத்தம்.

எவ்வளவு அருகில்? எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1966-ல் மனிதர்கள் தங்களைச் சுற்றி வைத்துக்கொள்ளும் தூரத்தை வகைப்படுத்தினார்: ஒன்றரை அடிக்குள் நெருக்கமானவர்களுக்கு, 4 அடி வரை தெரிந்தவர்களுக்கு, 12 அடி வரை பொதுப் பழக்கத்துக்கு. அவர் பார்த்தது பெரும்பாலும் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தை, அதனால் நம் பஸ்ஸிலும் நம் வார்டிலும் அந்த அளவுகள் அப்படியே பொருந்தாது. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நுழைகிற இடத்தில் 4 அடிக்கு எங்கே போவது? ஆனால் மனச்சிதைவு உள்ளவர்களுக்கு இந்த இடைவெளி மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பது 1964-லிருந்தே ஆய்வுகளில் வந்திருக்கிறது. அதனால் ஒருவர் பின்னால் சாய்ந்தாலோ போர்வையை இழுத்துக்கொண்டாலோ அது நம்மைப் பார்த்துச் சொல்லும் சொல் என்று எடுத்துக்கொண்டு ஓரடி பின்வாங்குவது நல்லது.

உட்காருவதற்கும் ஒரு பாடம் உண்டு. ஜெரார்ட் ஈகன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1975-ல் சொன்ன முறை: நேருக்கு நேர் உட்கார், கைகால்களைக் கட்டிக்கொள்ளாதே, கொஞ்சம் முன்னால் சாய், கண்ணைப் பார், தளர்வாக இரு. பல காலம் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தியோ ஸ்டிக்லி என்ற பிரிட்டிஷ் மனநல நர்ஸிங் ஆசிரியர் 2011-ல் இதைத் திருத்தினார்: நேருக்கு நேர் வேண்டாம், சாய்கோணத்தில் உட்கார், முன்னால் சாய வேண்டாம், தேவையான இடத்தில் தொடு, உன் உள்ளுணர்வையும் நம்பு. எனக்கு ஸ்டிக்லி சொல்வதுதான் சரி என்று படுகிறது, அதுவும் நம் ஊரில். நேருக்கு நேர் உட்கார்ந்து கண்ணையே பார்ப்பது போலீஸ் விசாரணைக்கு ஒத்தது. ஒரு இளம் நர்ஸ், வயதான ஆண் நோயாளி, அவர் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசுகிறார் என்றால் அது நோய்க்குறியாக இருக்க வேண்டியதில்லை, அது அவர் வளர்ந்த மரியாதை. ஆங்கிலப் பாடத்தை வைத்து 'கண் பார்வை குறைவு' என்று ஷீட்டில் எழுதுவதற்கு முன், அவர் தன் தம்பியிடம் பேசும்போது எப்படிப் பார்க்கிறார் என்று பார்க்க வேண்டும்.

நம் ஊருக்கே உரிய சின்னச் சின்ன விஷயங்கள் இன்னும் இருக்கின்றன. மாத்திரையை இடது கையால் நீட்டினால் வாங்காத நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன், மருந்தை மறுக்கிறார் என்று எழுதிவிட்டுப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். சொடக்குப் போட்டுக் கூப்பிடுவது, விரல் நீட்டிப் பேசுவது, கட்டிலைக் காலால் தட்டி எழுப்புவது இவையெல்லாம் கெட்ட வார்த்தையில் திட்டுவதற்குச் சமம். பலர் கட்டிலில் இருப்பதைவிடத் தரையில் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்வதைத்தான் விரும்புவார்கள், அவர்களோடு பேச நாமும் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்துவிட்டால் பேச்சு வேறு மாதிரி போகும். தொடுதலில்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும். தலைவாரிப் பின்னல் போட்டுவிடுவது, எண்ணெய் தேய்த்துவிடுவது, பாட்டியின் கையைப் பிடித்துக்கொள்வது எத்தனையோ பேரை மீட்டிருக்கிறது. ஆனால் சிறு வயதில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு எதிர்பாராமல் தோளில் விழுகிற கை, அன்பானதாக இருந்தாலும், பழைய பயத்தைக் கிளப்பும். கேட்டுவிட்டுத் தொடுவதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

நெருக்கடி நேரத்தில் இவை அனைத்தும் சில நொடிகளுக்குள் சுருங்கிவிடுகின்றன. ஒருவர் கத்துகிறார், கையில் ஸ்டீல் டம்ளர். அப்போது யார் வாசலை மறைத்து நிற்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. வாசலை மறைத்தால் அவர் சிக்கிக்கொண்டதாக உணர்வார். பக்கவாட்டில் நின்று, இரண்டு உள்ளங்கையும் தெரியும்படி வைத்து, குரலைத் தாழ்த்தி, ஒருவர் மட்டும் பேச வேண்டும். நான் மன்னிக்கவே முடியாத பழக்கம் ஒன்று உண்டு, ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்துப் பேசியபடி போவது. அன்றைக்கு ஊசி போட்டுவிடலாம். அதற்குப் பிறகு அந்த வார்டில் சிரித்துக்கொண்டு வருகிற எந்த சிஸ்டரையும் அவர் நம்ப மாட்டார். ஊசியைக் காட்டி, என்ன மருந்து, எதற்கு என்று சொல்லிப் போடுவது கஷ்டம், நேரமும் ஆகும். ஆனால் அவர் நம்மோடு இருக்கப்போவது பல வாரம்.

சட்டம்கூட உடலின் இந்த மொழியைப் புரிந்துகொண்டிருக்கிறது என்பது எனக்கு ஆறுதல். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநல காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 நோயாளிகள் தீயில் இறந்தார்கள். 2017-ல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது, தனியறையில் அடைக்கக் கூடாது என்கிறது, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் உடலைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது. அதே சட்டம், கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது, விரும்பினால் சொந்த உடையை அணியலாம், சீருடை போடும்படி வற்புறுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. மொட்டைத் தலையும் ஒரே நிற உடையும் வாய் திறக்காமலே ஒருவரிடம் 'நீ இனி நீ இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தன.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நர்ஸுகளுக்கு அநியாயம் செய்ததாகும். இதையெல்லாம் தனி மனிதரின் நல்ல குணமாகப் பார்ப்பது தவறு. ஒரே ஆளாக ஒரு வார்டின் இரவை ஓட்டுபவர், டிரேயைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, மருந்து வாய்க்குள் போனதா என்று பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போகிறார். அவரை உட்காரச் சொல்லுகிறோம், எதில் உட்கார? ஸ்டூலும் இல்லை, நேரமும் இல்லை. இங்கிலாந்தில் லென் பவர்ஸும் அவருடைய குழுவினரும் சேஃப்வார்ட்ஸ் என்ற பெயரில் 15 மருத்துவமனைகளின் 31 வார்டுகளில் செய்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. மென்மையாகச் சொல்லும் விதம், ஊழியர்களும் நோயாளிகளும் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளத் தங்களுக்குப் பிடித்தவற்றைப் பகிர்வது, பதற்றமான சம்பவத்துக்குப் பிறகு எல்லா நோயாளிகளிடமும் போய் ஆறுதலாகப் பேசுவது போன்ற 10 எளிய விஷயங்கள். மோதல்கள் 15 சதவீதமும், பிடித்து அடக்குவது, அடைப்பது போன்ற கட்டுப்பாடுகள் 26 சதவீதமும் குறைந்தன. இதில் எதுவும் விலை உயர்ந்தது இல்லை, ஆனால் அத்தனையும் வார்டு முழுவதும் சேர்ந்து செய்தால்தான் நடக்கும், நிர்வாகம் அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும்.

நம்மிடம் இருக்கும் ஒரு பலம் குடும்பம். அமிர்தசரஸில் வித்யா சாகர் என்ற மருத்துவர் 1950-களில் மனநல மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டு நோயாளிகளோடு வீட்டாரையும் தங்கவைத்தார். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையத்திலும் வீட்டார் உடன் தங்கும் முறை தொடக்க காலத்திலிருந்தே இருக்கிறது. அருகில் இருக்கும் அம்மாவுக்கு, மகன் இடது கண்ணைக் கசக்கினால் அழுகை வரப்போகிறது என்பதெல்லாம் தெரியும். அதை அவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்கிற நர்ஸ் பாதி வேலையை முடித்துவிட்டார். சில வீட்டில் அந்த அம்மாவின் முகச்சுளிப்பேதான் மகனின் பதற்றத்துக்குக் காரணம், அதையும் வார்டில்தான் கண்டுபிடிக்க முடியும்.

கடைசியாக, கேஸ் ஷீட். நாம் பார்த்த உடல்மொழி அடுத்த டூட்டிக்குப் போய்ச் சேரும் வழி அது ஒன்றுதான், அங்கேதான் 'ஒத்துழைக்கவில்லை', 'அமைதியில்லை' என்கிற நம் தீர்ப்புகளை எழுதிவைக்கிறோம். பார்த்ததை எழுத வேண்டும். அந்த முப்பது வயதுக்காரரைப் பற்றி முதல் இரவிலேயே நான் எழுதியிருக்க வேண்டியது இது: 'இரவு 1 மணி முதல் 3.30 வரை வராந்தாவில் நடந்தார். உட்காரச் சொன்னால் உடனே உட்கார்கிறார், ஒரு நிமிடத்துக்குள் எழுந்துவிடுகிறார். நிற்கும்போது காலை மாற்றி மாற்றி வைக்கிறார். கோபம் இல்லை. கேட்டதற்கு, கால் விடமாட்டேங்குது சிஸ்டர் என்றார்.'